மாப்ளே, அந்தப் பம்ப்பை மாட்டாதே

அன்புள்ள மாப்ளே,

மூணு மாசமா ஒரு வரி எழுதல, எவ்வளவு வேணாலும் திட்டிக்கோ. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதா சொல்லு. அம்பாசடருக்கு இன்ஜெக்‌ஷன் காரோட எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் ஒண்ணு மலிவா அமுக்கிட்டியாமே, பாய் சொன்னார். கும்பிடுறேன், அதை மாட்டாதே.

அது பெட்ரோலைத் தள்ளுற அழுத்தம் 3 பார், அதாவது சுமார் 43 பிஎஸ்ஐ. உன் கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற வாயை அடைக்கிற ஊசி தாங்குறது 3 பிஎஸ்ஐதான். அதுக்கு மேலே போனா, ஊசியைத் தள்ளுற மிதவை எவ்வளவு முட்டினாலும் ஊசி அடைக்காது, பெட்ரோல் நிக்கிற கிண்ணம் வழியும். உன் 1489 சிசி எஞ்சின்ல கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, கொதிக்கிற புகைக்குழாய். சொட்டுற பெட்ரோல் எங்கே விழும், யோசிச்சுப் பாரு. கார்புரேட்டர் வண்டிக்குன்னே 2 முதல் 3 பிஎஸ்ஐ வரை தள்ளுற, டிக்டிக்குன்னு அடிக்கிற சின்னப் பம்ப் இருக்கு. அதை வாங்கு.

வெயில்ல வண்டி நிக்கிறதுக்கு வேப்பர் லாக் (பைப்ல பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கிறது)தான் காரணம்னா, பம்ப்போட இடமும் மாறணும். பழைய பம்ப் சூடான எஞ்சின் பிளாக்கை ஒட்டி இருந்துக்கிட்டு டேங்க்ல இருந்து உறிஞ்சுது. உறிஞ்சுற பைப்ல அழுத்தம் குறைஞ்சா பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். புதுசை டேங்க் பக்கத்துல, டேங்க் அடிமட்டத்துக்கும் கீழே, சைலன்சரை விட்டுத் தள்ளி மாட்டு. பம்ப்புக்கு முன்னாடி ஒரு ஃபில்டர். எத்தனால் பெட்ரோல்ல பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும், அதுக்குத் தாங்குற ஹோஸாக் கேட்டு வாங்கு. பழைய பம்ப்பைக் கழட்டின ஓட்டையைத் தகடும் கேஸ்கட்டும் வெச்சு மூடு, இல்லன்னா ஆயில் பீச்சும். பம்ப்பை ரப்பர் புஷ் மேலே வைக்கிறதால பாடி எர்த் கிடைக்காது. தனியா எர்த் வயர் இழு.

எனக்கு உண்மையிலேயே பயம் வயரிங்லதான். இக்னிஷன்ல இருந்து நேரா லைன் கொடுத்துடாதே. வண்டி எங்கேயாவது மோதி எஞ்சின் நின்னாலும் சாவி ஆன்ல இருக்கும், பம்ப் அறுந்த பைப் வழியா பெட்ரோலைக் கொட்டிக்கிட்டே இருக்கும். பேட்டரியில இருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயோட (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்டைச் சேர்க்கிற சுவிட்ச்) 30-ம் நம்பர் முனை, 87-ல இருந்து பம்ப். 85 எர்த். 86-க்கு இக்னிஷன் லைன், நடுவுல, வண்டி மோதினா கரண்ட்டை அறுக்கிற இனர்ஷியா சுவிட்ச். அதுக்குள்ளே காந்தத்துல ஒரு இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும். இடிச்சா குண்டு தெறிச்சு கான்டாக்ட் பிரியும். சுவிட்சை நிமிர்த்தி, அசையாம முறுக்கு. எஞ்சின் நின்னா பம்ப்பையும் நிறுத்த, இப்ப இருக்கிற ஆயில் லைட் சுவிட்ச் உதவாது. ஆயில் அழுத்தம் இல்லாதப்போதான் அது சேரும், நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர்.

மாட்டினதும் கார்புரேட்டர் பக்கம் ஹோஸைக் கழட்டி பாட்டில்ல விடு, நிமிஷத்துக்கு அரை லிட்டராவது வரணும். திரும்ப மாட்டி, எஞ்சினை ஓட்டாம சாவியை மட்டும் ஆன் பண்ணு. கிண்ணம் நிரம்பினதும் டிக்டிக் மெதுவாகணும். வேகம் குறையலன்னா ஊசி அடைக்கல, இல்ல எங்கேயோ காத்து இழுக்குது.

இப்பவே டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாரு. பெட்ரோல் வாடை அடிச்சா பழைய பம்ப்போட டயஃப்ரம் (உள்ளே இருக்கிற சவ்வு) கிழிஞ்சு, பெட்ரோல் எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டியில இறங்குதுன்னு அர்த்தம். ஆயிலை மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதே.

உன்,
பழைய பெஞ்ச்காரன்