புளித்த மாவும் ஐந்து மணி ஓட்டமும்

சென்னை
ஆகஸ்ட் 3

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. வீடு மயிலாப்பூரிலேயே அமைந்துவிட்டதில் எனக்கு நிம்மதி. கடற்கரையும் பக்கம், காய்கறியும் பக்கம், காலை டிபனும் பக்கம். அம்மாவுக்கு அந்த மாடிப்படி பழகிவிட்டதா?

இரண்டு குறை எழுதியிருந்தாய். கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஓடிய வேகம் இங்கே வரவில்லை. ராத்திரி வைத்த இட்லி மாவு காலையில் புளித்து வழிகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கோவையில் இந்த மாதம் விடியற்காலையில் 22 டிகிரி இருக்கும். இங்கே 26, 27. அதோடு காற்றில் ஈரம். நீ ஊர் மாறிவிட்டாய், உன் கடிகாரம் இன்னும் கோவையிலேயே இருக்கிறது.

முதலில் ஓட்டம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் சொட்டும். சொட்டிப்போகிற வியர்வையால் உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் மூன்று வாரம் கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காதே. முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் ஓடு. கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடினாலும் கவலை வேண்டாம், உடம்பு பழகியதும் பெரும்பாலும் திரும்பி வரும். கடலோரம் என்றால் காற்று வரும் என்று நம்பியும் போகாதே. கடற்காற்று நிலம் சூடேறிய பிறகுதான் உள்ளே வரும். விடியலில் மெரினா பல நாள் அசையாமல் கிடக்கும். ஆனாலும் ஐந்து மணிக்கே கிளம்பு. ஈரத்தை ஒன்றும் செய்ய முடியாது, வெயிலையாவது தவிர்க்கலாம்.

உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய்த் திரும்பினால் ஐந்தரை. தொடக்கத்துக்கு அது போதும். மணலில் ஓடும் ஆசை வரும். நனைந்த மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழும், முழங்காலும் இடுப்பும் வலிக்கும். உலர்ந்த மணலோ குதிகால் நரம்பை இழுத்துவிடும். மணலில் நட, ஓடாதே.

ஜனவரி மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை இப்போதே எட்டில் ஆரம்பி. மூன்று வாரம் ஒவ்வொன்றாகக் கூட்டு, நாலாவது வாரம் குறைத்துக்கொள். இப்படிப் போனால் நவம்பர் நடுவில் பதினெட்டைத் தொடலாம். அதற்குப் பிறகும் ஏழெட்டு வாரம் மிஞ்சும். அதை மழைக்காக ஒதுக்கி வை. வடகிழக்குப் பருவமழை எத்தனை ஞாயிறுகளை விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் கால் வைத்து ஓடவே ஓடாதே. அடியில் திறந்த சாக்கடை மூடியோ அறுந்த மின்கம்பியோ இருக்கலாம். அந்த வாரம் வீட்டு மாடிப்படி ஏறு.

தண்ணீர் விஷயத்தைக் கணக்காகச் செய். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன் துணியில்லாமல் எடை பார், வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பார். 1.2 கிலோ குறைந்து, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால், உன் வியர்வை மணிக்கு ஒன்றரை லிட்டர். அவ்வளவையும் ஓடும்போதே குடிக்க வேண்டாம், வயிறு தாங்காது. எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். உன் 70 கிலோவுக்கு அது 1.4 கிலோ. கால் மணிக்கு ஒருமுறை 150 மில்லி சரியாக இருக்கும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, மயக்கம் வரும்.

இளநீரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். எனவே ஓடி முடித்ததும் முதலில் நீர்மோர். ஒரு பங்கு தயிர், மூன்று பங்கு தண்ணீர், 300 மில்லிக்குக் கால் டீஸ்பூன் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. இளநீர் அதற்குப் பிறகு, ருசிக்காக. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறாய் என்றால் உப்பைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

இனி மாவு. இட்லி அரிசி நாலு பங்கு, முழு வெள்ளை உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும்; உளுந்து இந்த ஊரில் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் ஊற வேண்டியதில்லை. உளுந்தைக் கிரைண்டரில் ஃபிரிட்ஜ் தண்ணீர் தெளித்துத் தெளித்து 25 நிமிடமாவது ஆட்டு. ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி உளுந்து உபரி காணாது, இட்லி தட்டையாகும். அரிசியை மெல்லிய ரவைப் பதத்தில் நிறுத்து. கல்லுப்பை இப்போதே சேர்த்துவிடு, அது புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடு.

கோவையில் பத்து மணி நேரம் வைப்பாய். இங்கே ஆறு, ஏழு மணி நேரம்தான். ராத்திரி பத்து மணிக்கு மூடினால் விடியற்காலை ஐந்துக்குத் தயார், அதாவது நீ ஷூ மாட்டுகிற நேரத்தில். மாவை ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டு. ஓடிவிட்டு எட்டு மணிக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதனால்தான் உனக்குப் புளித்தது. தப்பித் தவறிப் புளித்துவிட்டால் கொட்டாதே, வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பம் வார்.

ஓடுவதற்கு முன் வயிற்றில் ஒன்றும் கனமாக இருக்கக் கூடாது. அரை மணிக்கு முன் ஒரு சின்ன வாழைப்பழம், பூவனோ கற்பூரவள்ளியோ. ஒன்றரை மணிக்கு மேல் ஓடும் நாளில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பேரீச்சம்பழமும் வெல்லக்கட்டியும் போதும். கடலை மிட்டாய் வேண்டாம், கடலையின் எண்ணெய் செரிக்க நேரம் பிடிக்கும், வயிறு பிசையும். சனி ராத்திரி ரசம் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் போதும். பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸ் இருக்கிறதே, கட்டாயம் சாப்பிடு. ஆனால் பச்சைக் கோஸும் பூண்டெண்ணெயும் சேர்ந்தது, மறுநாள் ஓய்வு இருக்கும் மாலையில் போ.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் சிபாரிசு கேழ்வரகுக் கூழ். ஓட்டத்துக்கு முன்னால் அல்ல, நார்ச்சத்து அதிகம், வழியில் அவஸ்தைப்படுவாய். வந்து ஒரு மணி கழித்து. வெள்ளி ராத்திரி ஒரு கப் மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வை. சனிக்கிழமை காலை லேசான புளிப்பு வாசனை வரும். கால் கப் அரிசி நொய்யை மூன்று கப் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தணலைக் குறைத்து, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் துடுப்பால் விடாமல் கிண்டு. மாவை உலர்ந்தபடியே கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு உடைக்கவே முடியாது. பதினைந்து, இருபது நிமிடத்தில் ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் பச்சை. உப்பு போட்டு இறக்கி, ஆறியதும் உருண்டை பிடித்து மண்சட்டியில் தண்ணீருக்குள் முழுகும்படி வை. தண்ணீருக்கு வெளியே விட்டால் இந்தப் புழுக்கத்தில் நூல் விடும், அதைத் தூக்கிப் போட்டுவிடு. ஞாயிறு காலை இரண்டு உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, மோர் மிளகாய் கடித்துக்கொண்டு குடி. ஆடி இன்னும் முடியவில்லை. உன் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் வார்த்தால் கூச்சப்படாமல் சொம்போடு போய் நில். அங்கே முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கிடைக்கும், வீட்டில் அந்தக் கூட்டணி அமையாது.

கூழில் புரதம் குறைவு, அதனால் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள். சமைக்கச் சோம்பலாக இருந்தால் உன் தெருக்களிலேயே ராயர் மெஸ் இருக்கிறது, ஜன்னல் கடை இருக்கிறது. உழைப்பாளர் சிலையில் முடித்தால் திருவல்லிக்கேணி ரத்னா கபேவில் சாம்பாரில் மூழ்கிய இட்லி. வியர்த்த உடம்புக்கு அந்த உப்பும் புளிப்பும் தேவைதான்.

மீனுக்கு நொச்சிக்குப்பம் போ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் விசைப்படகுத் தடை முடிந்துவிட்டது. செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலெழும்புகிறதா பார். குழம்பில் புளியின் பச்சை வாசனை போன பிறகே மீனைப் போடு. எட்டு நிமிடம் போதும், கரண்டி வைக்காமல் சட்டியைச் சுழற்று.

ஊருக்கு எப்போது போகிறாய்? போனால் நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ வாங்கி வா, பணம் தந்துவிடுகிறேன். எடைக் கணக்கையும் எழுது.

அன்புடன்,
கதிர்