எய்ஷிஷோக் ஊரின் போட்டோ ஸ்டுடியோ

ராக்வில், மேரிலாண்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மார்ச் வந்தும் குளிர் விட்டபாடில்லை. குப்பை கொட்டப் போவதற்குக்கூட கையுறை மாட்ட வேண்டியிருக்கிறது. வேலை பரவாயில்லை. சாப்பாடுதான், வாரம் முழுக்க ரசமும் முட்டையும்.

போன சனிக்கிழமை மெட்ரோ ஏறி வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் மியூசியத்துக்குப் போனேன். ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததைத்தான் ஹோலோகாஸ்ட் என்கிறார்கள். அங்கே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கூடம், கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி. சுற்றிலும் போட்டோக்கள், ஏறக்குறைய ஆயிரம். எல்லாம் ஒரே ஊர் யூதர்கள். இன்றைய லிதுவேனியாவில் இருக்கும் எய்ஷிஷோக் என்ற சிற்றூர். கல்யாண ஜோடி, பள்ளிக்கூட குரூப் போட்டோ, சைக்கிளோடு நிற்கும் இளவட்டங்கள். மற்ற தளங்களில் பார்த்த பயங்கரம் எதுவும் இவற்றில் இல்லை. எனக்கு அங்கேதான் கால் நகரவில்லை.

அந்த ஊரில் போட்டோ எடுத்தவர்கள் யிட்ஸ்ஹாக் ஊரி காட்ஸ், அவர் மனைவி ஆல்டே. மருந்துக்கடையும் அவர்களுடையதுதான். 1941 செப்டம்பர் 25, 26 இரண்டே நாளில் நாஜிகளும் அவர்களுக்குத் துணைபோன லிதுவேனியர்களும் அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த சுமார் 3,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். முதல் நாள் ஆண்கள், மறுநாள் பெண்களும் குழந்தைகளும். காட்ஸ் தம்பதியின் பேத்தி யாஃபா எலியாக் சின்னக் குழந்தை, தப்பிவிட்டார். பிற்பாடு அமெரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியரானார். நாடு நாடாகப் போய் இந்தப் படங்களைச் சேர்த்தவர் அவர்தான்.

ஊரே போன பிறகு படம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவிலும் பாலஸ்தீனத்திலும் இருந்த சொந்தக்காரர்களுக்கு, புது வருஷ வாழ்த்தாகவும் சும்மாவும், குடும்பப் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவை பல. பெட்டியில் கிடந்ததை அந்தம்மா கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். எந்த வீட்டில் சுலபமாகக் கொடுப்பார்கள்?

நம் கடைக்கும் அப்படித்தானே வருவார்கள்? "சவூதிக்கு அனுப்பணும், புள்ள கண்ண மூடாம எடுங்க" என்று. நீங்கள் குழந்தையின் தாடையை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, அந்த அரண்மனைத் திரைக்கு முன்னால் அம்மாவையும் பாட்டியையும் நெருங்கி நிற்கச் சொல்வீர்கள். நம் ஊரில் அந்தக் கொடுமை நடக்கவில்லை, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தப்பு. ஆனால் படம் எடுத்துக்கொள்ள நிற்கிறவர்களின் முகம் எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கிறது அப்பா.

கடையைக் காலி செய்யப் போவதாக அம்மா போனில் சொன்னாள். சரி, செய்யுங்கள். அந்தத் தகர அலமாரியில் இருக்கும் நெகட்டிவ் கவர்களையும், ஆள் வந்து வாங்காமல் போன பிரிண்டுகளையும் மட்டும் பழைய பேப்பர்காரனிடம் போட வேண்டாம். மாடி அறையில் ஏற்றி வையுங்கள், பரணில் வேண்டாம், ஒழுகும். டிசம்பரில் வரும்போது ஸ்கேனர் வாங்கி வருகிறேன். யார் யாரென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்
முரளி