சரளி வரிசையை யாரும் நகல் என்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவில் கலை படிக்கப் போகும் மாணவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உதவித்தொகை, மொழி வகுப்பு, விடுதி பற்றிய விவரங்கள் உபயோகமானவை. மருத்துவம் மட்டுமல்ல, வேறு படிப்புக்கும் அங்கே போகலாம் என்று தமிழில் ஒருவர் எழுதியதே சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு பத்தி உறுத்தியது. சீனக் கல்லூரிகளில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவதிலேயே மாணவர்களின் காலம் வீணாகிறது, அதனால்தான் எல்லோரும் ஒரே மாதிரி வரைகிறார்கள், நவீனக் கலைஞர்கள் எல்லாம் இந்தப் பழமையை உதறிவிட்டு வெளியே வந்தவர்கள் என்கிறார் கட்டுரையாளர். ஹாங்சோ நகரில் கொஞ்ச காலம் தூரிகை பிடித்துப் பழகியவள் என்பதால் இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

பார்த்து வரைவதில் படிகள் உண்டு. முதலில் மூலப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோட்டைத் தொடர்ந்து போக வேண்டும். பிறகு படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து வரைய வேண்டும். அப்புறம் படத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைய வேண்டும். இந்த மூன்றாவது படியில்தான் நம் வண்டவாளம் வெளிவரும். மலையும் மரமும் எங்கே இருந்தன என்று நினைவிருக்கும். மூல ஓவியர் எந்த இடத்தில் தூரிகையை அழுத்தினார், எங்கே சாய்த்தார், எங்கே மை வறண்டு போக விட்டார் என்று கேட்டால் விழிப்போம்.

தாளும் சும்மா இருக்காது. அன்ஹுயி மாகாணத்தில் செய்யும் ஷுவான் தாள் மை பட்ட நொடியில் அதை உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது. எண்ணெய் வண்ணத்தைப் போல மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்து மறைக்கவும் முடியாது. கை ஒரு கணம் தயங்கினால் அங்கே மை பரவி, அந்தத் தயக்கம் படத்திலேயே தங்கிவிடும். (நுணுக்கமான வேலைக்குப் படிகாரமும் பசையும் ஏற்றிய தாள் தனியாக உண்டு. அதில் மை பரவாது.) இந்தத் தாளில் சொந்தமாக ஏதாவது சொல்வதற்கு முன் கை பழகியாக வேண்டும். பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளை சரளி வரிசை பாடினால் அதை யாரும் நகல் என்பதில்லை. அதிலேயே நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், சரி. ஹோட்டல் வரவேற்பறைகளுக்கென்றே ஒரே அருவியை ஆயுள் முழுக்க வரைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரே மாதிரி வரைகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கட்டுரையாளர் சொல்லும் காரணம் தவறு. அங்கே கலைக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. பென்சிலில் தலை வரைவது, வண்ணத்தில் ஜாடியும் பழமும் தீட்டுவது, வேகக் கோட்டோவியம் ஆகியவைதான் அதில் வழக்கமான பாடங்கள். இதற்கென்று பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் பழகுகிறார்கள். அந்தப் பயிற்சி முறை ஐரோப்பாவிலிருந்தும் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் வந்தது. பாரிஸில் படித்துத் திரும்பிய சீன ஓவியர் சூ பெய்ஹோங், பென்சில் சித்திரம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று வாதாடியவர். பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்துக்கு 1950இல் முதல் தலைவரானார். 1955இல் மக்ஸிமோவ் என்ற சோவியத் ஓவியர் அங்கே வந்து எண்ணெய் ஓவியம் கற்பித்தார். ஒரே மாதிரியான தலைகள் வந்த வழி இது. பழைய மலை ஓவியங்களின் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

சீன முறையா மேற்கத்திய முறையா என்ற இந்தச் சண்டை ஹாங்சோவில் வேறு விதமாக நடந்தது. மேற்கு ஏரிக் கரையில் 1928இல் அங்கே தேசியக் கலைக்கல்லூரி தொடங்கியபோது அதன் தலைவர் லின் ஃபெங்மியன், சீன ஓவியத்தையும் மேற்கத்திய ஓவியத்தையும் ஒரே துறையில் வைத்தார். அங்கே ஆசிரியராக இருந்த பான் தியன்ஷோவுக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டையும் கலந்தால் இரண்டுமே நீர்த்துப்போகும், தனித்தனியாகத்தான் வளர வேண்டும் என்பது அவர் கட்சி. பிற்பாடு அவரே அந்தக் கல்லூரியின் தலைவரானார். 1963இல் அங்கே தூரிகையால் எழுதும் எழுத்துக்கலைக்கும் முத்திரை செதுக்கலுக்கும் தனிப் படிப்பு தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மாவோவின் கலாசாரப் புரட்சி வந்தது. பான் தியன்ஷோவைப் பொதுவில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். 1971இல் இறந்துபோனார். பழைய ஓவியத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது சொகுசான பழமைவாதம் என்று நினைப்பவர்கள் இவர் கதையைக் கொஞ்சம் படிக்கலாம். லின், பான் இருவரும் இருந்த அதே கல்லூரியில் படித்தவர்கள்தான் ஓவியர்கள் வூ குவான்சோங்கும், பிரான்சில் பெயர் பெற்ற சாவோ வூகியும். யார் பக்கம் சரி என்று அந்தப் படங்களைப் பார்த்து முடிவு செய்வது கடினம்.

நவீனக் கலைஞர்கள் பழமையை உதறியவர்கள் என்பதற்கு வருகிறேன். சூ பிங் பெய்ஜிங்கில் அச்சோவியம் படித்தவர். 1988இல் அவர் முதலில் காட்சிக்கு வைத்த படைப்பில் சுமார் 4000 எழுத்துகள். பார்க்க அசல் சீன எழுத்து மாதிரியே இருக்கும், ஆனால் ஒன்றுக்குக்கூடப் பொருள் கிடையாது. எல்லாம் அவரே உருவாக்கி, மரத்தில் கையால் செதுக்கி, பழைய நூல்களின் பாணியில் அச்சிட்டுத் தைத்தவை. நன்றாகப் படித்த சீனர்களும் தடுமாறிப் போனார்கள். பழைய பதிப்புக் கலையை உள்ளும் புறமும் தெரியாதவரால் இப்படி ஒரு குறும்பைச் செய்திருக்க முடியாது. அவருடைய இன்னொரு வரிசையில், மங்கலான கண்ணாடிக்கு முன்னால் நின்றால் பழைய மலை ஓவியம் ஒன்று தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் காய்ந்த செடி, பஞ்சு, கசங்கிய தாள், ஒட்டு நாடா. மூல ஓவியத்தின் ஒவ்வொரு தூரிகை வீச்சையும் தெரிந்து வைத்திருந்தால்தான் குப்பையைக் கொண்டு அதன் நிழலைக் கொண்டுவர முடியும். கட்டுரையாளர் சொல்லும் 'உதறல்' இதில் எங்கே இருக்கிறது?

ஆகவே அந்தக் கட்டுரையோடு வந்த 'சேரும் முன் கேளுங்கள்' பெட்டிச் செய்தியில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்வேன். முதலாண்டில் கையில் கொடுப்பது பென்சிலா தூரிகையா? எழுத்துக்கலை கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? பழைய ஓவியத்தைச் சுருளாகவே பிரித்துக் காட்டுவார்களா, திரையில் மட்டுமா? நீளச் சுருள் ஓவியத்தை வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். முழுதாகத் திரையில் போட்டால் அது வெறும் பட்டை.

சீனா போக வசதியில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சாந்திநிகேதனில் தாகூரும் சீன அறிஞர் தான் யுன்ஷானும் 1937இல் தொடங்கிய சீன மொழி, பண்பாட்டுத் துறையான சீன பவனம் இன்றும் நடக்கிறது. சூ பெய்ஹோங் அங்கே வந்து தங்கியவர். மலையைப் பெயர்க்கப் புறப்பட்ட முதியவரின் சீனக் கதையை 1940இல் அவர் பெரிய படமாக வரைந்தது நம் நாட்டில்தான். அதற்கு இந்தியர்களையே மாதிரிகளாக நிறுத்தினார். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஆய்வாளர் ஆரல் ஸ்டெய்ன் சீனாவின் துன்ஹுவாங் குகையிலிருந்து கொண்டுவந்த ஓவியங்கள் சில இருக்கின்றன. தில்லிக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் கல்லூரிகள் அவற்றையும் காட்டலாம். எவை காட்சியில் இருக்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்