வில்லியம்ஸும் பார்ட்லெட்டும் ஒரே மரம்தான்: பேரிக்காய் வைக்கப்போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்ததில் மகிழ்ச்சி. இங்கும் அனைவரும் சுகம்.

கொல்லையில் பேரிக்காய் வைக்கப்போவதாகவும், தனி மரம் காய்க்காது என்பதால் துணைக்கு ஒன்றாக வில்லியம்ஸ் ஒன்று, பார்ட்லெட் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பணத்தைக் கொடுத்துவிடாதே. இரண்டும் ஒரே ரகம்.

இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டனில் ஸ்டேர் என்ற பள்ளி ஆசிரியரின் தோட்டத்தில் 1770 வாக்கில் இந்த மரம் தோன்றியது. வில்லியம்ஸ் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் அதைப் பரப்பியதால் 'வில்லியம்ஸ் போன் கிரேட்டியன்' என்று பெயர் வந்தது. 1799 வாக்கில் சில கன்றுகள் அமெரிக்காவுக்குப் போய், மாசசூசெட்ஸில் ராக்ஸ்பரி என்ற இடத்தில் ஒரு பண்ணையில் நடப்பட்டன. பிறகு அந்தப் பண்ணை ஈனக் பார்ட்லெட் என்பவர் கைக்கு மாறியது. மரத்தின் பூர்வீகம் தெரியாமல் அவர் தன் பெயரிலேயே அதை விற்றார். 1828இல் ஐரோப்பாவிலிருந்து புதுக் கன்றுகள் வந்து இறங்கிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் ஒரே மரம் இரண்டு பெயரில் விற்கிறது. மேக்ஸ் ரெட் பார்ட்லெட் என்ற சிவப்புத்தோல் ரகமும் இதே மரத்தின் ஒரு கிளையில் நிறம் மாறி வந்ததுதான், அதுவும் துணைக்கு உதவாது.

ஏன் உதவாது என்றால், ஒட்டு மூலம் பெருகிய வில்லியம்ஸ் மரங்கள் எல்லாம் மரபில் ஒரே மரம். தன் மகரந்தம் வந்து விழுந்தால் பேரிப்பூ அதை அடையாளம் கண்டு, சூல்தண்டுக்குள்ளேயே மகரந்தக் குழாயை நிறுத்திவிடும். வெப்பமான, வறண்ட சில இடங்களில் வில்லியம்ஸ் விதையில்லாமலே ஓரளவு காய் பிடிக்கும் என்பது உண்மை. அதை நம்பி நடுவது வேண்டாம். துணைக்கு கான்ஃபரன்ஸ் என்ற பேரி ரகத்தை வை. வில்லியம்ஸ் பூக்கும் அதே நாட்களில் அதுவும் பூக்கும், தனியாக நின்றாலும் கொஞ்சம் காய் தரும். போஸ்க் என்ற ரகமும் பரவாயில்லை. காமிஸ் சற்றுப் பிந்திப் பூக்கும், ஆனாலும் சில நாட்கள் இரண்டும் சேர்ந்து பூத்திருக்கும். செக்கெல் மட்டும் வேண்டாம். அதற்கும் வில்லியம்ஸுக்கும் பொருந்தாது, பக்கத்திலேயே நின்று இரண்டும் பூத்து உதிரும்.

பேரிப்பூவின் தேனில் சர்க்கரை குறைவு. அதே நேரத்தில் தரையில் வேறு பூ மலர்ந்திருந்தால் தேனீ அங்கே போய்விடும். எனவே இரண்டு மரத்தையும் 15 மீட்டருக்குள் வைத்து, பூக்கும் வாரத்துக்கு முன்பே மரத்தடிக் களைகளை வெட்டிவிடு.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வில்லியம்ஸுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 800 மணி நேரம் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் மொட்டு விட்டு விட்டு விரியும், இலை பிந்தும், காய் பிடிக்காது. உன் இடத்துக் குளிருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. உனக்குப் பயம் பூக்கும்போது வரும் உறைபனிதான். முழுப்பூவில் வெப்பம் மைனஸ் 2.2 டிகிரிக்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு பூ போகும், மைனஸ் 4.4க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கொல்லையின் தாழ்ந்த மூலையை விட்டு மேட்டுப் பக்கம் நடு.

இனி முக்கியமான விஷயம், வேர்ச்செடி. ரகத்தின் பெயரைப் பார்த்துக் கன்று வாங்கி, கீழே எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று கேட்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். பேரிவிதையில் முளைத்த வேர்ச்செடி என்றால் மரம் எட்டு, பத்து மீட்டர் உயரும், முதல் காய்க்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். பேரிக்கு உறவான குவின்ஸ் என்ற இன்னொரு பழமரத்தின் வேரிலும் ஒட்டுவார்கள். அதில் குவின்ஸ் ஏ என்ற வகை என்றால் மூன்று நான்கு மீட்டரில் அடங்கும், மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். குவின்ஸ் சி இன்னும் கொஞ்சம் குட்டை. வீட்டுத் தோட்டத்துக்கு குவின்ஸ்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் வில்லியம்ஸுக்கும் குவின்ஸுக்கும் நேரடியாக ஒத்துப்போகாது. குவின்ஸில் புருனாசின் என்றொரு பொருள் உண்டு. அது ஒட்டைத் தாண்டி மேலே ஏறினால் பேரித் திசுவில் உடைந்து சயனைடு வெளியாகும். ஒட்டுப் பகுதியிலேயே திசு செத்து, இணைப்பு வலுவாகாமல் நிற்கும். சில ஆண்டுகள் நன்றாக வளர்வதுபோல இருக்கும். பிறகு ஒட்டு வீங்கும், இலை பருவத்துக்கு முன்பே சிவக்கும், ஒரு காற்றில் அறுத்து வைத்தாற்போல ஒடிந்து விழும்.

இதற்கு வழி இடையொட்டு. குவின்ஸ் மேல் முதலில் பர்ரே ஹார்டி அல்லது ஓல்ட் ஹோம் என்ற பேரி ரகத்தின் துண்டு ஒன்று, அதன் மேல் வில்லியம்ஸ். அந்த இரண்டும் குவின்ஸோடும் ஒத்துப்போகும், வில்லியம்ஸோடும் ஒத்துப்போகும். இடைத்துண்டு 15 செ.மீ. இருந்தால் போதும். இப்படிச் செய்த கன்றின் தண்டில் இரண்டு ஒட்டு முடிச்சுகள் தெரியும். ஒன்றுதான் இருக்கிறது, வேர் குவின்ஸ் என்கிறார்கள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடு. இன்னொரு வழி ஓல்ட் ஹோம், ஃபார்மிங்டேல் என்ற இரண்டு பேரிகளைச் சேர்த்து எடுத்த வேர்ச்செடி வரிசை. 87, 333 என்று எண் போட்டு விற்பார்கள். அதுவும் பேரிதான் என்பதால் இடையொட்டு தேவையில்லை. மரம் குவின்ஸை விடப் பெரிதாகும், ஆனால் குளிரையும் நெருப்புக் கருகல் நோயையும் நன்றாகத் தாங்கும். மண் காரமாக இருந்தால், அதாவது பி.எச். 7க்கு மேலே போனால், குவின்ஸை மறந்துவிடு. அது இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

நடுவது பெரிய வித்தையல்ல. இலையில்லாத உறக்கக் காலத்தில், வேர் பரவும் அகலத்துக்கு இரண்டு மடங்கு குழி எடு. ஆழம் வேர் அளவுக்குப் போதும். எருவைக் குழிக்குள் கொட்டாமல் மேலே மூடாக்காகப் போடு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுப் போடு. ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. நிற்க வேண்டும். முடிச்சு புதைந்தால் மேல் ரகம் சொந்த வேர் விட்டுவிடும், குட்டை மரம் நெட்டை மரமாகிவிடும். குவின்ஸ் வேர் மேலாகவே ஓடும், பிடிமானம் குறைவு. முட்டுக்கழியை முதல் நாளே ஊன்றிக் கட்டு, பின்னாளிலும் எடுக்காதே. இதே காரணத்தால் குவின்ஸ் மரம் வறட்சியும் தாங்காது.

நட்டவுடன் தண்டை 75 செ.மீ. உயரத்தில் வெட்டு. மனம் வராது, ஆனாலும் வெட்டு. பேரி இயல்பாகவே நெட்டுக்குத்தாக ஏறும் மரம். விட்டால் எல்லாக் கிளையும் துடைப்பக்கட்டை போல ஒன்றாக மேலே போய், நடுவில் இருட்டடித்து, காயே பிடிக்காது. முதல் கோடையில் கிளை ஒரு சாண் நீளும்போதே, இன்னும் இளசாக இருக்கையில், தண்டுக்கும் கிளைக்கும் நடுவே குச்சி கொடுத்தோ, கயிறு கட்டித் தரையில் முளையடித்தோ தண்டிலிருந்து 60 டிகிரிக்குச் சாய். சாய்ந்த கிளையில் வளர்ச்சி வேகம் தணிந்து பூமொட்டு கட்டும். ஒரேயடியாகப் படுக்கவைத்துவிடாதே, முதுகில் போத்து போத்தாக, அதாவது நேராக மேலே ஏறும் இளங்கிளைகளாக, கிளம்பும். பூ வருவது இரண்டு ஆண்டுக்கு மேலான கட்டையில் உள்ள குறுங்கிளைகளில். குளிர்காலக் கவாத்தில் அவற்றை முள் என்று நினைத்து நறுக்குகிறவர்கள் உண்டு, பார்த்துச் செய். கவாத்து மிஞ்சினால் மரம் பதிலுக்குப் போத்துகளையே தள்ளும்.

அந்தப் போத்துகள்தான் நெருப்புக் கருகலுக்கு வாசல். வில்லியம்ஸின் பெரிய பலவீனம் இந்த நோய். எர்வீனியா அமைலோவோரா என்ற பாக்டீரியாவால் வருவது. செடிக்குப் பாக்டீரியாவால் நோய் வரும் என்று முதன்முதலில் தெரிந்ததே இந்த நோயில்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பர்ரில் 1880 வாக்கில் அதைக் காட்டினார். அந்தப் பாக்டீரியாவைப் பூவுக்குப் பூ கொண்டுபோவது தேனீதான் என்று வெயிட் என்ற ஆய்வாளர் 1891இல் காட்டினார். பூக்கும்போது 18 டிகிரிக்கு மேல் வெப்பமும், கூடவே மழையோ பனியீரமோ சேர்ந்தால் உஷாராக இரு. முதலில் பூங்கொத்து தண்ணீரில் ஊறியதுபோலாகிக் கறுக்கும். பிறகு இளந்தளிரின் நுனி கொக்கி போல வளையும், இலை கருகித் தொங்கும், உதிராது. உற்றுப் பார்த்தால் தண்டில் தேன்நிறச் சொட்டு கசிந்திருக்கும். அந்தச் சொட்டு முழுக்கப் பாக்டீரியாதான்.

கண்டதும் வெட்டு, காய்ந்த நாளில் வெட்டு. கருகல் தெரியும் இடத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. கீழே, நல்ல கட்டையில் வெட்ட வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டி நோய் கீழே இறங்கியிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடை. வெட்டியதைக் குப்பைக்குழியில் போடாமல் எரித்துவிடு. இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: வில்லியம்ஸ் முக்கியப் பூப்பு முடிந்த பிறகும் அங்கொன்று இங்கொன்றாகப் பூக்கும். அப்போது வெயில் ஏறியிருக்கும், நோய்க்கு அதைவிட வசதி வேறில்லை. அந்தப் பிந்திய பூக்களைக் கையால் கிள்ளி எறி. தழைச்சத்தையும் அடக்கியே கொடு. காய்க்கும் மரத்தில் ஓர் ஆண்டு வளர்ச்சி 30 செ.மீ. அளவில் இருந்தால் உரமே வேண்டாம். 60ஐத் தாண்டினால் அடுத்த ஆண்டு எருவையும் நிறுத்து.

மற்றப் பூச்சி நோய்கள் சமாளிக்கக்கூடியவைதான். சொறிநோய் இலையில் மட்டுமல்லாமல் குச்சியிலும் தங்கும், எனவே சருகைப் பெருக்கினால் மட்டும் போதாது, சொறி பிடித்த குச்சியையும் வெட்டு. சாறு உறிஞ்சும் சில்லா பூச்சி முட்டையிட வரும் முன், மொட்டு உப்பும் சமயத்தில், தோட்ட எண்ணெய் தெளித்தால் இலையில் பிசுக்கும் கரும்பூசணமும் பெருமளவு குறையும். காயைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்குப் பிஞ்சிலேயே காகிதப் பை மாட்டுவதுதான் வீட்டுக்குச் சுலபம்.

இயற்கையாகப் பிஞ்சு உதிர்ந்து முடிந்ததும் கொத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வைத்து மிச்சத்தைக் கிள்ளிவிடு. காய்க்குக் காய் 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும்.

கடைசியாகப் பறிப்பு. இதில்தான் பேரி மற்றப் பழங்களோடு சேராது. மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் கெட்டது. அது உள்ளிருந்து வெளியே பழுக்கும். தோல் மஞ்சளாகி அழகாகத் தெரியும்போது விதையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கூழாகியிருக்கும், சதையில் மணல் மணலாகக் கல்செல்கள் கடிபடும். வில்லியம்ஸைப் பச்சையாக, கெட்டியாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். முழுப்பூவிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 130 நாள் என்று கணக்கு வைத்துக்கொள், ஆனால் நாளை நம்பாமல் காயைக் கேள். அடர்பச்சை சற்று வெளிறியிருக்கும். தோலில் உள்ள வெண்புள்ளிகள் பழுப்பாகியிருக்கும். காயை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலைக் காம்பின் அடியில் வைத்து, காய் படுக்கைவாட்டுக்கு வரும்வரை மெல்லத் தூக்கு. காம்பு குறுங்கிளையோடு சேரும் முட்டில் 'டக்'கென்று கழன்று வந்தால் பருவம். இழுக்க வேண்டியிருந்தால், கிளை கூடவே வந்தால், ஒரு வாரம் பொறு. ஒரே மரத்தில் வெளிப்பக்கக் காய் முந்தும், உள்பக்கம் பிந்தும், ஆகவே இரண்டு மூன்று தடவையாகப் பறி.

பறித்ததை மைனஸ் 1 முதல் 0 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். வீட்டு ஃபிரிட்ஜ் அத்தனை குளிராது, அதில் சில வாரம்தான். பழுக்க வைக்க 18 முதல் 20 டிகிரி அறையில் ஒற்றை அடுக்காகப் பரப்பு, ஐந்தாறு நாளில் தயார். அவசரமென்றால் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போடு. 30 டிகிரிக்கு மேலான புழுக்க அறையில் வைத்தால் மட்டும் சரியாகப் பழுக்காது, ரப்பராக நிற்கும். பழுத்ததா என்று வயிற்றை அமுக்காதே, காம்புக்குப் பக்கத்துக் கழுத்தை அமுக்கு. அங்கே லேசாக அமுங்கினால் அன்றே தின்றுவிடு.

கன்று விற்பவரிடம் வேர்ச்செடி எது, இடையொட்டு உண்டா, உண்டென்றால் எந்த ரகம் என்று மூன்றையும் கேட்டு எழுது. மண்ணின் பி.எச். எண்ணும் வேண்டும். குவின்ஸ் என்றால் மூன்றரை மீட்டர் இடைவெளி போதும், பேரிவிதை வேர் என்றால் ஆறு மீட்டருக்குக் குறையக்கூடாது. அதைப் பார்த்துத்தான் உன் கொல்லையில் குழியை எங்கே எடுப்பது என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் நண்பன்