அவளுடைய செண்ட் பாட்டில் மட்டுமா?

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டியைப் பற்றி நீ போனில் சொன்னதுதான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தை தள்ளிப்போவதற்கு அவள் பூசுவதில் இருக்கும் ரசாயனம்தான் காரணம் என்று எங்கோ படித்தாயாம். "நீங்க சொன்னா கேப்பாம்மா, அந்த செண்ட், நெயில் பாலிஷ் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுங்க" என்றாய். அவளிடம் சொல்லப் போவதில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய்.

நீ படித்தது தப்பில்லை. வாசனை சட்டென்று பறந்துவிடாமல் இருக்க செண்டில் தாலேட் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பதுண்டு. லேபிளில் அந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நறுமணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தாலேட்டுகளில் சில எதைக் கெடுக்கும் என்று பார்த்தாயா? ஆண் ஹார்மோன் சுரப்பை. எலிகளில் அதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். உன் ஷேவிங் லோஷன், தலைக்குப் போடும் ஜெல், அக்குளில் அடிக்கும் ஸ்பிரே, இதெல்லாம் அவள் அலமாரியிலா இருக்கிறது?

1977இல் கலிஃபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். செடியின் வேரைத் தின்னும் புழுக்களைக் கொல்ல டிபிசிபி என்று ஒரு மருந்து தயாரித்தார்கள். அங்கே வேலை பார்த்த ஆண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டபோதுதான் யாருக்குமே சமீபத்தில் குழந்தை பிறக்கவில்லை என்பது உறைத்தது. பரிசோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. பார்வைக்கு எல்லாரும் திடகாத்திரமானவர்கள். 1979இல் அந்த மருந்தின் பெரும்பாலான பயன்பாட்டுக்கு அமெரிக்கா தடை போட்டது. சிலருக்கு விந்தணு திரும்பவே இல்லை. அவ்வளவு விஷம் நம் வீட்டில் கிடையாதுதான். ஆனால் அதுவரை அந்த வீடுகளில் யார் பேச்சு வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

அந்தப் பேச்சு எனக்குத் தெரியும், பிறகு சொல்கிறேன். முதலில் என் கை பட்டதைச் சொல்கிறேன். நான் பதினோரு வருஷம் பில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். பளபளவென்று வரும் அந்த பில் தாளை நகத்தால் கீறிப் பார், கறுப்புக் கோடு விழும். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். அந்தப் பூச்சில் பிஸ்ஃபீனால்-ஏ (சுருக்கமாக பிபிஏ, பிளாஸ்டிக் செய்யவும் போடும் ரசாயனம்) எதனோடும் ஒட்டாமல் தூளாக இருக்கும், தொட்டால் விரலுக்கு வந்துவிடும். கையில் சானிடைசரோ கிரீமோ இருந்தால் தோலுக்குள் இன்னும் வேகமாக இறங்கும். இது பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் என்று 1936லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பிளாஸ்டிக்காக வீட்டுக்குள் வருவதற்கு முன்பே! நானோ கை ஒழியாதபோது பில்லை உதட்டில் கவ்விக்கொண்டு பையைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

உனக்குப் பிறகு ஒன்று தங்காமல் போனது உனக்குத் தெரியும். அதையும் இந்தத் தாளையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் என்ன சாப்பிட்டாய், எதைத் தூக்கினாய் என்று என்னைத்தான் துளைத்தார்கள். உன் அப்பாவிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை, அது வேறு கதை.

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அவளுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எத்தனை ஆயிற்று? உனக்கு ஒன்றுகூட இல்லை. முதலில் அதற்குத் தேதி வாங்கு. சிகரெட்டையும் விடு, அதை விட்டுவிட்டு நெயில் பாலிஷைப் பிடித்துத் தொங்குவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

பயந்து வீட்டையே காலி செய்ய வேண்டாம். தாலேட், பிஸ்ஃபீனால் போன்றவை உடம்பில் வருஷக்கணக்கில் தங்குபவை அல்ல. ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் புதிதாக உள்ளே விடுவதுதான் தொல்லை. 100 பதின்வயதுப் பெண்களுக்கு இவை இல்லாத சோப்பு, கிரீம் கொடுத்து மூன்றே நாள் பார்த்தார்கள். சிறுநீரில் ஒரு தாலேட் 27 சதவீதம் குறைந்திருந்தது, கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாராபென் 40 சதவீதத்துக்கும் மேல். உனக்கு மூன்று நாள் போதாது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 70 நாள் ஆகும். ஆகவே மூன்று மாதக் கணக்கு வைத்துக்கொள். 'பிபிஏ இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதே, அதற்குப் பதிலாகப் போடும் பிஸ்ஃபீனால்-எஸ் அதன் பங்காளிதான்.

அவளுக்குப் பிடித்த செண்டை அவளாக வைக்க நினைத்தால் வைக்கட்டும். நீ உன்னுடையதை எடுத்து வை.

நீ மதியச் சாப்பாட்டை பிளாஸ்டிக் டப்பாவோடு மைக்ரோவேவில் வைப்பாயே, அதற்காக நாலு கண்ணாடிப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்துப் போ. மூடி மட்டும் பிளாஸ்டிக்தான். கழற்றிவிட்டுச் சூடு பண்ணு.

அம்மா