எவ்ளோ இருக்குன்றது மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஆசிய நாடுகள்ல யார்கிட்ட எவ்ளோ தங்கம், எவ்ளோ அந்நியச் செலாவணின்னு போன இதழ்ல ஒரு அட்டவணை போட்டிருந்தீங்க. சீனா மூணு லட்சம் கோடி டாலருக்கு மேல, அடுத்து ஜப்பான், இந்தியாவும் மேல்வரிசைலதான், எல்லாம் சரி. ஆனா வரிசை எண்ண பார்த்துட்டு மேல இருக்குறவன் பத்திரமா இருக்கான், கீழ இருக்குறவன் கஷ்டத்துல இருக்கான்னு படிக்கிறவங்க முடிவு கட்டிடுவாங்களே, அதுதான் எனக்கு இடிக்குது.

லெபனான எடுத்துக்கோங்க. சுமார் 286 டன் தங்கம், அரபு நாடுகள்ல சவுதிக்கு அடுத்த இடம். தலைக்கு இவ்ளோன்னு பிரிச்சா ஆளுக்கு ஏறக்குறைய 50 கிராம் வருது, இந்தியாவுல இதே கணக்கு போட்டா ஒரு கிராம்கூட தேறாது. அப்படிப்பட்ட நாடுதான் 2020 மார்ச்ல வெளிநாட்டுக் கடன கட்ட முடியலன்னு கைய விரிச்சுது, ஒரு டாலருக்கு 1,500 லெபனான் பவுண்டு சொச்சம்னு வருஷக்கணக்கா கட்டி வச்சிருந்த ரேட்டு 89,500க்கு போயிடுச்சு, ஜனங்க பேங்க்ல போட்ட சொந்த டாலரையே எடுக்க முடியல. தங்கம் என்னாச்சு? அப்படியே இருக்கு! நாடாளுமன்றம் சட்டம் போடாம விக்கக்கூடாதுன்னு 1986லயே சட்டம் இருக்கு, அதுல ஒரு பங்கு அமெரிக்காவுல வேற கிடக்கு. (அந்த சட்டம் இல்லாம இருந்திருந்தா அரசியல்வாதிங்க எப்பவோ தின்னு தீர்த்திருப்பாங்கன்றது வேற விஷயம்.)

ஆப்கானிஸ்தான் கதையும் தெரிஞ்சதுதான், 2021ல ஆட்சி மாறினதும் அமெரிக்காவுல வச்சிருந்த சுமார் 700 கோடி டாலர் முடங்கிப்போச்சு.

இலங்கைல 2022 வசந்த காலத்துல பேப்பர்ல காட்டின கையிருப்பு 190 கோடி டாலர் கிட்ட, அதுல 150 கோடி சீனாகூட போட்ட யுவான் ஸ்வாப் (ரெண்டு மத்திய வங்கியும் அவங்கவங்க நாட்டுப் பணத்த மாத்திக்குற ஒப்பந்தம்), அதையும் மூணு மாச இறக்குமதிக்கு கையிருப்பு இருந்தாதான் தொடலாம்னு கண்டிஷன். மே மாசம் நிதியமைச்சரே சொன்னாரு, செலவு பண்ணக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லன்னு. தாய்லாந்து 1997ல பண்ணினது இன்னும் மோசம், அவங்க நாட்டுப் பணம் ‘பாத்’தோட மதிப்ப காப்பாத்துறேன்னு டாலர முன்கூட்டியே ஃபார்வர்ட்ல, அதாவது பின்னாடி ஒரு தேதில தர்றோம்னு ஒப்பந்தம் போட்டு, வித்து வச்சிட்டாங்க, வெளிய சொன்ன கணக்கு 3,000 கோடிக்கு மேல, வித்தத கழிச்சா 300 கோடிகூட மிஞ்சல, ஜூலை 2ஆம் தேதி பாத்தோட மதிப்ப கட்டிக் காக்குறத கைவிட்டுட்டாங்க.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிங்கப்பூர் மத்திய வங்கி மிஞ்சுற செலாவணிய ஜிஐசிக்கு (அந்நாட்டு அரசோட முதலீட்டு நிறுவனம்) மாத்தி விட்டுடும், அது உங்க அட்டவணைல வரவே வராது. உஸ்பெகிஸ்தானுக்கு கையிருப்புல பெரும்பகுதி தங்கம்தான், தங்கம் விலை ஏறினா ஒரு டாலர் புதுசா உள்ள வராமலே அவங்க கையிருப்பு வீங்கிடும், நீங்க ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணா போட்டா அது எப்படி தெரியும்?

அடுத்த தடவை மூணு கட்டம் சேர்த்து போடுங்க: இந்தக் கையிருப்பு எத்தன மாச இறக்குமதிக்கு வரும், ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் எவ்ளோ, தங்கம் எந்த ஊரு பெட்டகத்துல இருக்கு. இடம் பத்தலன்னா அந்த முதல் பத்து நாட்டுக் கொடி படத்த எடுத்துடுங்க, யாரும் கேக்கப்போறதில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்