சத்தம் குறைந்த டயர் கேட்டேன், கடையில் கிடந்த டயரை மாட்டிவிட்டீர்கள்

அனுப்புநர்:
பெயர், முகவரி பில்லில் உள்ளபடி,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
டயர் விற்பனை நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: கோவைக் கிளையில் மாற்றிய நான்கு டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் கோவைக் கிளையில் என் காருக்கு நான்கு டயர்களையும் மாற்றினேன். பில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் கேட்டது ஒன்று, அவர்கள் மாட்டியது வேறொன்று. கிளை மேலாளரிடம் நேரிலும் போனிலும் பேசிப் பார்த்தாயிற்று. குறை என்னவென்றே அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் 2012 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்4, எஸ்டிரைவ் 35ஐ. இரண்டே இருக்கை, மடங்கும் அலுமினியக் கூரை. டயர் அளவு முன்பக்கம் 225/40 ஆர்18, பின்பக்கம் 255/35 ஆர்18 (மில்லிமீட்டரில் அகலம், அதில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம், சக்கரம் எத்தனை அங்குலம் என்ற வரிசை). அதில் இருந்தவை ரன்ஃபிளாட் டயர்கள். காற்று முழுதும் இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஏறக்குறைய 80 கி.மீ. தூரம் ஓட்டிக்கொண்டு போகலாம். அந்த வசதிக்காகப் பக்கச்சுவருக்குள் தடித்த ரப்பரை வைத்து முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆளே இல்லாத சாலையில் நடுவழியில் நிற்காமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் மற்ற நாளெல்லாம் ஒவ்வொரு பள்ளமும் அந்த முட்டு வழியாக நேரே முதுகுத்தண்டுக்கு வந்துவிடுகிறது. டயர் தேய்ந்ததும் இதை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து உங்களிடம் வந்தேன்.

என்ன வேண்டும் என்பதை வாயால் மட்டும் சொல்லவில்லை, கிளையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதியும் அனுப்பினேன். வேகம் முக்கியமில்லை, வளைவில் கூடுதல் பிடிப்பும் வேண்டாம், சத்தமும் குலுக்கலும் குறைய வேண்டும், ரன்ஃபிளாட் வேண்டாம், அவசரமில்லை, வரவழைக்க நாளானாலும் பரவாயில்லை. இவ்வளவும் அந்தச் செய்தியில் இருக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இறங்கிப் பந்தயம் ஓட்டும் ஆசை எனக்கு இல்லை என்றும் விளையாட்டாகச் சேர்த்திருந்தேன். ‘சரிங்க சார், கம்ஃபர்ட் டயரா ஆர்டர் போட்டுத் தர்றோம்’ என்று பதில் வந்தது. அன்று மாலையே மேலாளர் போன் செய்து, ‘அதே தரத்துல கையிருப்பிலேயே இருக்குங்க, நாளைக்கே மாட்டிக்கலாம்’ என்றார்.

மறுநாள் அவர் எடுத்துக் காட்டியது டயரில் ஒட்டியிருந்த ஐரோப்பிய லேபிளை. முன் டயரில் 71 டெசிபல், பின் டயரில் 72. ‘ரெண்டுமே பி கிளாஸ் சார், ரன்ஃபிளாட்டை விடச் சத்தம் கம்மி’ என்று உறுதியாகச் சொன்னார். என் முதல் புகார் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த லேபிளில் இருக்கும் டெசிபல், காருக்குள் இருப்பவனுக்காக அளந்ததே இல்லை. சோதனைத் தடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு 80 கி.மீ. வேகத்தில் காரை உருளவிடுவார்கள். தடத்தின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி இரு பக்கமும் மைக் வைத்து அளப்பார்கள். சாலையோரம் குடியிருப்பவருக்கும் நடந்து போகிறவருக்கும் எவ்வளவு இரைச்சல் போகிறது என்று பார்ப்பதற்கான சோதனை அது. தெருமுனையில் நின்று செண்டை மேளத்தை அளந்துவிட்டு, மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் இவ்வளவுதான் கேட்கும் என்று சொல்வது போல இருக்கிறது உங்கள் மேலாளர் பேச்சு. பி என்ற அந்த எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டயர் அகலமாக ஆக அனுமதிக்கும் சத்த வரம்பும் ஏறும். 225 அகலத்துக்கு வரம்பு 71, 255 அகலத்துக்கு 72. கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் ரகத்துக்கு இன்னும் 1 கூட்டிக்கொள்ளலாம், எனக்கு மாட்டியவை அந்த ரகம். வரம்பை விட 3 டெசிபலாவது குறைந்தால்தான் ஏ கிளாஸ். எனக்குக் காட்டிய பி கிளாஸ் இரண்டும் வரம்புக்கு ஒரே ஒரு டெசிபல் கீழேதான் நிற்கின்றன. டெசிபல் கணக்கில் 3 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும் என்பதால் ஏ கிளாஸுக்கான அந்த 3 டெசிபல் சின்ன இடைவெளியும் இல்லை.

காருக்குள் வரும் சத்தம் வேறு வழியில் வருகிறது. சாலையின் சொரசொரப்பு டயரை அதிரவைக்க, அந்த அதிர்வு சக்கரம், சஸ்பென்ஷன், உடல்தகடு என்று ஏறி உள்ளே வருகிறது. டயருக்குள் அடைபட்ட காற்றும் 200 ஹெர்ட்ஸ் அளவில் தானே ஒலிக்கும். பள்ளத்தில் விழும்போது ‘டொய்ங்’ என்று ஒரு உலோகச் சத்தம் கேட்குமே, அது. இந்தக் காற்றொலியை அடக்கத்தான் கான்டினென்டல், பிரெல்லி, மிஷலின் போன்றவர்கள் சில டயர்களின் உட்புறத்தில் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி விற்கிறார்கள். என் காரில் இன்னொரு சங்கடமும் உண்டு. நீளமான பானெட், அதனால் ஓட்டுநர் இருக்கை பின் அச்சுக்கு முன்னால் ஒட்டினாற்போல இருக்கிறது. பின்சீட் கிடையாது, சத்தத்தை உறிஞ்ச நடுவில் எதுவும் கிடையாது. பின் டயர் இரைந்தால் அது காதுக்குப் பக்கத்தில் இரைவதுதான். இப்படிப்பட்ட காருக்குக் கேட்டவனிடம் லேபிளை நீட்டியது ஆலோசனை ஆகாது.

சரி, எந்த டயரை மாட்டினார்கள்? வேகப் பிரியர்களுக்கென்றே செய்த ரகம். தயாரிப்பாளர் மீது எனக்கு வருத்தம் இல்லை, அவர்கள் பெயரையும் இங்கே இழுக்கவில்லை. அந்த டயர் செய்யவேண்டியதைச் சரியாகவே செய்கிறது. மேல்பரப்பின் ஓரத்தில் பெரிய பெரிய ரப்பர் கட்டிகள், விறைப்பான பக்கச்சுவர், எக்ஸ்எல் என்று கூடுதல் சுமைக்காக வலுப்படுத்திய உடல், ஒய் என்ற வேகக்குறியீடு. ஒய் என்றால் 300 கி.மீ. வரை தாங்கும். நம் நாட்டில் எக்ஸ்பிரஸ்வேயிலேயே உச்சவரம்பு 120. மிச்சம் 180-க்கு நான் எங்கே போவது?

ஒவ்வொரு பெரிய கம்பெனியும் இரண்டு குடும்பமாக டயர் செய்கிறது என்பது உங்கள் கடையில் தினமும் டயர் விற்கிறவருக்குத் தெரியாதா? மிஷலினில் பைலட் ஸ்போர்ட் ஒரு பக்கம், பிரைமஸி இன்னொரு பக்கம். பிரிட்ஜ்ஸ்டோனில் பொடென்சா, டுரான்சா. யோகோஹாமா ‘அட்வான் டிபி’ என்று பெயரிலேயே டெசிபலை வைத்து விற்கிறது. அமைதி ரகத்தில் டயரின் மேல்பரப்பில் உள்ள பள்ளமும் கட்டியும் ஒரே அளவாகத் திரும்பத் திரும்ப வராமல் மாறி மாறி அமைந்திருக்கும், அதனால் சத்தம் ஒரே சுருதியில் சேர்ந்து ஊளையிடாது. வளைவில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஸ்டீயரிங் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி இருக்கும். அந்த விலையைக் கொடுக்கத் தயார் என்றுதான் முன்கூட்டியே எழுதினேன்.

நியாயமாகச் சொன்னால், 255/35 ஆர்18 அளவில் அமைதி ரக டயர் கிடைப்பது கஷ்டம். அது ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான அளவு, அந்த ரகம்தான் அதில் அதிகம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு இந்த மாதிரி அளவுகளுக்குத் தட்டுப்பாடு இருப்பதும் தெரியும். ‘உங்க அளவுல இல்லைங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது.

அதைவிட நல்ல பதில் ஒன்று இருந்தது. இதே மாடலுக்கு 17 அங்குலச் சக்கரமும் கம்பெனியே கொடுத்திருக்கிறது. முன்னால் 225/45 ஆர்17, பின்னால் 255/40 ஆர்17. டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாது. பின்பக்கம் 636 மில்லிமீட்டர், இரண்டுக்கும் அதேதான். முன்பக்கம் 3 மில்லிமீட்டர் குறையும், அவ்வளவே. ஆனால் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டரிலிருந்து 100-ஐத் தாண்டிவிடும். அந்த ஒரு சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். 225/45 ஆர்17 சாதாரண செடான்களுக்கும் போடும் அளவு என்பதால் அமைதி ரகத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கும். பின்பக்க அளவுக்குக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், அது தேடக்கூடிய தேடல். இதைச் சொல்லத்தான் உங்களைப் போன்ற பெரிய கடைக்கு வருவது. டயரை மட்டும் வாங்குவதென்றால் இணையத்தில் இதைவிட மலிவாகவே கிடைக்கிறது.

இது வரை சொன்னது தேர்வைப் பற்றி. ‘அது அபிப்பிராயம் சார்’ என்று நீங்கள் தள்ளிவிடலாம். இனிச் சொல்வதை அப்படித் தள்ள முடியாது.

பின் டயர் இரண்டின் பக்கச்சுவரிலும் இருக்கும் தேதி எண் 1921. அதாவது 2021-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம். முன் டயர்களில் 0825. 2025 கடைசியில் புது டயர் என்று பில் போட்டு, நாலு வருஷத்துக்கும் மேல் கிடங்கில் கிடந்த சரக்கை மாட்டியிருக்கிறீர்கள். ரப்பர் கிடக்கக் கிடக்க இறுகும், இறுகினால் சத்தமும் கூடும், ஈரத்தில் பிடிப்பும் குறையும். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது மழை பிடித்தால் நான் அந்தப் பின் டயர்களைத்தான் நம்ப வேண்டும். பழைய சரக்கென்று சொல்லவும் இல்லை, விலையில் ஒரு ரூபாய் குறைக்கவும் இல்லை.

அடுத்தது, இடது முன் டயர் உள்வெளி மாறி மாட்டப்பட்டிருந்தது. இந்த டயரில் வெளிப்பக்கத்துக்கு ஒரு வடிவம், உட்பக்கத்துக்கு ஒரு வடிவம். வெளிப்பக்கம் எதுவென்று கொட்டை எழுத்தில் அச்சடித்தே அனுப்புகிறார்கள். அந்த எழுத்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தால்தான் தெரிந்தது. வேறொரு அலைன்மென்ட் கடையில் காரை மேலே தூக்கியபோது அங்கிருந்த பையன் கண்டுபிடித்துக் காட்டினான். போட்டோ இணைத்திருக்கிறேன். காற்றையும் அந்தக் கடையில்தான் பார்த்தார்கள், நான்கிலும் 40 பிஎஸ்ஐ, அதுவும் டயர் சூடாகாதபோது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் எந்த டயருக்கு எவ்வளவு என்று கார் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது. அதை உங்கள் ஆள் திறந்து பார்க்கவே இல்லை. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு வாங்கியது மட்டும் பில்லில் தெளிவாக இருக்கிறது.

ரன்ஃபிளாட்டை எடுத்துவிட்டால் இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது, வைக்க இடமும் கிடையாது. பஞ்சரானால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க’ என்பதுதான் பதில். பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் வண்டியில் வைத்துக்கொள்ளச் சொல்வது உங்கள் வேலை.

காற்றைச் சரியாக்கி, மாறியிருந்த டயரைத் திருப்பிப் போட்ட பிறகு குலுக்கல் கொஞ்சம் குறைந்தது. இரைச்சல் அப்படியே. சேலம் சாலையில் 80-ஐத் தொட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. கிளையில் போய்ச் சொன்னால் முதலில் ‘ஓட ஓடச் சரியாயிருமுங்க சார்’ என்றார்கள். புது டயரின் மேல் வழவழப்பு போய்ப் பிடிப்பு வர கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மை. சத்தம் அப்படிக் குறையாது, தேயத் தேய ஏறத்தான் செய்யும். அப்புறம் மேலாளர் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் வரை கொண்டுவந்தது: ‘ஸ்போர்ட்ஸ் கார்னா சத்தம் வரத்தான் செய்யும் சார்.’

வரட்டும், இன்ஜினிலிருந்து வரட்டும். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் இருக்கும் இன்ஜின் அது. அதன் குரலைக் கேட்கத்தான் பழைய காராக இருந்தாலும் இதை வாங்கினேன். இப்போது டயர் இரைச்சலில் அந்தக் குரலே அமுங்கிப் போகிறது.

அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடி என்று கிளையில் கொடுத்த கூப்பனை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். நான்கு டயர்களையும் எடுத்துக்கொண்டு, டயர் மாட்டிய கூலி, பேலன்ஸிங், அலைன்மென்ட், நைட்ரஜன் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். 17 அங்குலச் சக்கரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், அதற்கான டயரை எங்கே வாங்குவது என்பதையும் நானே முடிவு செய்துகொள்கிறேன். ஓடிய டயரைத் திரும்பப் பெறும் வழக்கமில்லை என்று சொல்வீர்களானால், முன் டயர் இரண்டுக்கும் தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், பேசலாம். 2021 சரக்கான பின் டயர் இரண்டிலும் ஒரு பைசாகூடக் கழிக்கச் சம்மதிக்க மாட்டேன். உள்வெளி மாறி மாட்டியதற்கும் தேதி சொல்லாததற்கும் எழுத்தில் விளக்கம் வேண்டும். அந்த வாரம் அதே கிடங்கிலிருந்து டயர் வாங்கிப்போன மற்றவர்களையும் கூப்பிட்டுத் தேதியைப் பார்க்கச் சொன்னால் நல்லது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பது எனக்குத் தடையாக இருக்காது. டயர்கள் காரிலேயே இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்ப ஆள் யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரட்டும், பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து அவினாசி சாலையில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு, தேதி எண்களின் போட்டோ, மாறி மாட்டிய டயரின் போட்டோ, அலைன்மென்ட் கடையின் ரசீது, தள்ளுபடிக் கூப்பன்.